மணிச்சத்தம் அடங்கும் வரை

கூடலூரைத் தாண்டி, வாய்க்கால் கரையோடு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு ரெக்ஸின் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. பங்குனிக் கடைசி. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவன், வெயில் மேற்கு மலைப் பக்கம் சாய்ந்த பிறகும் அவசரமில்லாமல் நடந்தேன். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் தேனி என்று சொல்லியிருப்பேன். தேனியில் எனக்கு யாரும் இல்லை. பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்றால் ஏதாவது ஒரு லாரிக்காரர் ஏற்று இறக்கு வேலைக்குக் கூப்பிடுவார். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ஐந்து மாதம் இருந்த இடத்தை விட்டு வந்திருந்தேன். அங்கே யாரோடும் சண்டை இல்லை. கால் நிற்கவில்லை, அவ்வளவுதான். கெங்குவார்பட்டியில் பிறந்தவன் நான். ஏழாம் வகுப்புப் பாதியில் ஒருநாள், வகுப்பில் உட்காராமல் சுற்றியதற்காக வெயிலில் முட்டி போட வைத்தார்கள். வாத்தியார் உள்ளே போனதும் எழுந்து, சாலையில் நின்ற தக்காளி லாரியில் ஏறி வத்தலக்குண்டு போய்விட்டேன். அதைக் கொடுமை என்று அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு செங்கல் சூளை, ஓட்டல், பஞ்சாலை, லோயர் கேம்ப்பில் குழாய்க்கு வர்ணம் அடிப்பது, திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடிப்பது என்று பல வேலை பார்த்தேன். சோறு கிடைத்த இடத்தில் சாப்பிட்டேன். கிடைக்காத இடத்தில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். ஒரே கூரைக்குக் கீழே ஐந்து மாதம் சேர்ந்தாற்போல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அது கூடலூர்ப் பக்கம் வாய்க்கால் கரையில் இருந்த ஒரு பழைய விதை குடோன். மதுரையிலிருந்து சனி, ஞாயிறு மட்டும் ஒரு டீச்சர் வருவார். சின்ன வயசுதான். மனநலப் படிப்புப் படித்தவர். பள்ளிக்கூடத்தில் ஒரு இடத்தில் உட்கார முடியாத, சொன்னதைக் காதில் வாங்காத, எல்லாரிடமும் அடி வாங்குகிற பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார். கம்பம், கூடலூர், உத்தமபாளையம் என்று பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரும். நான் குடோனைக் கூட்டிப் பெருக்கி, பாய் விரித்து, டீ வைத்து, பிள்ளைகளைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிவந்து திரும்ப விட வேண்டும். முக்கியமான வேலை, பிள்ளைகளுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் நிற்பது.

முதல் நாளே டீச்சர் சொல்லிவிட்டார்.

"இதுகளுக்குக் கவனமே இல்லைன்னு சொல்றாங்கண்ணே. அது தப்பு. கவனம் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல ஓடுது. ஓடினதைத் திரும்பக் கூட்டிட்டு வரத்தான் பழக்குறோம். கட்டிப்போட இல்ல."

"கூட்டிட்டு வந்ததும் மறுபடி ஓடினா?"

"மறுபடி கூட்டிட்டு வரணும்."

"அதுக்கப்புறமும் ஓடினா?"

"ஓடத்தான் செய்யும். திட்டாம கூட்டிட்டு வரணும். பயிற்சியே அதுதான்."

ஆடு மேய்க்கிற மாதிரிதான் என்றேன். டீச்சர் சிரித்துவிட்டு, ஆமாம், ஆடும் நாமே மேய்ப்பவரும் நாமே என்றார். எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. இது நோயா, குணமாகுமா என்று பெற்றவர்கள் கேட்டால், சுத்தமாகப் போய்விடும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கொஞ்சம் கைக்கு அடங்கும் என்பார். இரண்டு பிள்ளைகளைப் பெரிய டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கித் தரச் சொன்னார். மற்ற பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம்தான்.

பிள்ளைகளை மல்லாக்கப் படுக்கச் சொல்லி, வயிற்றின் மேல் ஆற்றுக் கூழாங்கல் ஒன்றை வைப்பார். மூச்சு இழுக்கும்போது கல் ஏறும், விடும்போது இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிய டம்ளரைக் கையில் கொடுத்து, சிந்தாமல் வாய்க்கால் கரையில் நடக்கச் சொல்வார். அந்தப் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று பார்ப்பார்கள். "என்னப்பா, எவனும் செத்துட்டானா?" என்று ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

ஒரு உலர்ந்த திராட்சையைக் கையில் வைத்து, பார்த்து, முகர்ந்து, வாயில் போட்டு, கடிக்காமல் உருட்டி, ரொம்ப நேரம் கழித்துக் கடிக்கச் சொல்கிற பயிற்சி ஒன்று உண்டு. அது எங்கள் பக்கத்தில் எடுபடவில்லை. திராட்சைத் தோட்டக்காரர் மகன் ஒருவன், "ஒத்தத் திராட்சைக்கு இம்புட்டு நேரமா டீச்சர்? எங்க தோட்டத்துல அழுகிக் கெடக்கு, கூடையில கொண்டு வரவா?" என்றான். அடுத்த வாரம் டீச்சர் திராட்சைக்குப் பதிலாக ஏலக்காய் கொண்டுவந்தார். அன்றைக்குத்தான் அங்கே வந்துகொண்டிருந்த ஒரு சின்னப் பெண் முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. இரட்டைச் சடையில் ஒன்றில்தான் எப்போதும் ரிப்பன் இருக்கும், இன்னொன்றை வழியில் எங்கேயாவது விட்டிருப்பாள். வந்த முதல் நாளே ஜன்னல் கம்பியில் ஏறி, ஓட்டுக்கு அடியில் புறாக்கூடு இருப்பதை எல்லாருக்கும் அறிவித்தவள். ஏலக்காயைக் கையில் வைத்ததும் மூக்கில் வைத்துக்கொண்டாள். எடுக்கவே இல்லை. "இது எங்கம்மா சேலை வாசம்" என்றாள். அப்புறம் மற்ற பிள்ளைகள் கடித்து முடித்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

அவள் அம்மா, விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி, கம்பம் மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களில் ஒருத்தி. பொழுது சாயத்தான் திரும்புவாள். புருஷன் திருப்பூர் போனவன், வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று தடவை குடோனுக்கு வந்து, பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். ஒருநாள் டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது. அரைப் பரீட்சையில் அவள் மகள் நாலு தடவை எழுந்துபோய் அடுத்த பிள்ளைகளின் தாளைப் பார்த்து, இது தப்பு, அது சரி என்று சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் கூப்பிட்டு, முழுப் பரீட்சையில் மணி அடிக்கும் வரை இடத்தை விட்டு எழாமல் எழுதினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் டிசியை வாங்கிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

"இது மூணாவது பள்ளிக்கூடம் டீச்சர்" என்றாள் அந்த அம்மா. "டிசி வாங்கிட்டா இனிமே எங்கன சேப்பாக? வீட்டுல ஒத்தையில விட்டுட்டுப் போக முடியாது. ஜீப்புல ஏத்திக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதான். நான் மொதல்ல மலையேறுறப்ப எனக்கும் இந்த வயசுதான்."

அழாமல்தான் சொன்னாள். குடோனில் மூடியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

எல்லாவற்றையும்விட அந்தப் பெண்ணுக்குப் பிடித்தது மணி. டீச்சர் கம்பத்துப் பாத்திரக்கடையில் தேடி வாங்கிய வெண்கல மணி அது, கோயிலுக்கு நேர்ந்துகொண்டு கட்டுவார்களே, அந்த மாதிரி. உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒரே ஒரு தடவை அடிப்பார். மணி காதில் விழுந்ததும் எங்கே இருந்தாலும் அப்படியே நின்றுவிட வேண்டும். கண்ணை மூடி, ஒரு கையை வயிற்றில் வைத்து, சத்தம் மெலிந்து மெலிந்து போவதைப் பின்னாலேயே போய்க் கேட்க வேண்டும். சுத்தமாக அடங்கியதும் மறு கையைத் தூக்க வேண்டும். முதல் வாரம், அடித்த உடனே எல்லாக் கையும் மேலே. "எனக்குத்தான் மொதல்ல முடிஞ்சது!" என்று கத்தல் வேறு. முதலில் தூக்குபவருக்குப் பரிசு கிடையாது, கடைசியில் தூக்குபவருக்கும் கிடையாது என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னார். மாசிக்குள் பாதிப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். அந்தப் பெண் வீட்டில் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டி அம்மாவோடு பழகுவதாகச் சொன்னாள்.

ஒருநாள் டீச்சர் என்னையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். மணி அடித்தது. எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. குடோன் வாசலில் கையில் பீடியோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"டீச்சர், மாமா ஓடிட்டாரு. நான் போயித் திரும்பக் கூட்டிட்டு வரவா?"

டீச்சரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிள்ளைகள் பாயில் உருண்டார்கள். அவள் நிஜமாகவே வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

பரீட்சைக் காலம் வந்ததும் வகுப்பை நிறுத்தினார்கள். "லீவு முடிஞ்சு ஜூன்ல ஆரம்பிப்போம்ணே, இருங்க" என்றார் டீச்சர். பார்க்கலாம் டீச்சர் என்று சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். இப்படித்தான் அன்றைக்கு வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தேன்.

கம்பத்துக்குத் தெற்கே, முல்லையாற்றின் கரையில் ஒரு சின்ன ஊர். பாலத்தைத் தாண்டினால் கம்பம். தூரத்திலேயே ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. அம்மன் கோயில் திருவிழா. காப்புக் கட்டுகிற நாள். அது அந்தப் பெண்ணின் ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கொண்டுவந்து விட்டுப் பழக்கம். அவளைப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சாம்பார் கொதிக்கிற வாசம் வந்தது. சாப்பிட்டுவிட்டு நடப்போம் என்றுதான் உள்ளே திரும்பினேன்.

கோயிலுக்கு முன்னால் தகரப் பந்தல், தென்னைமரத்தில் கட்டிய டியூப்லைட், உறுமிக்காரர்கள், பலூன்காரர். அந்தப் பெண் எல்லார் காலுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். ஒற்றை ரிப்பன். என்னைப் பார்த்ததும் "மாமா!" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு மறுபடி ஓடினாள். அந்த நேரத்தில் தீபாராதனைக்கு மணி அடித்தது.

அவள் ஓடிய இடத்திலேயே நின்றாள். கண்ணை மூடினாள். ஒரு கை வயிற்றுக்குப் போனது.

எனக்குத்தான் அது முதலில் புரிந்தது. ஆனால் குடோன் மணி ஒரு தடவைதான் அடிக்கும். இங்கே கயிற்றைப் பிடித்தவன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். உறுமியும் சேர்ந்துகொண்டது. சத்தம் முடிந்தால்தானே அவள் கண்ணைத் திறக்க? கூட்டம் நெரிக்க, புகை மூக்கில் ஏற, அவள் நட்டுவைத்த மாதிரி நின்றாள். மூச்சு மட்டும் நிதானமாக ஏறி இறங்கியது.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் பார்த்துவிட்டாள். "ஏ, இங்க பாருங்கடீ. ஆத்தா வந்துட்டா!"

"இந்தப் பிள்ளைக்கா? ஒரு நிமிசம் ஒரு இடத்துல நிக்காதே இது!"

"அதைத்தான்டி நானும் சொல்றேன். நிக்காத பிள்ள நிக்குதே. ஆத்தா இல்லாம வேற யாரு நிக்க வச்சது?"

குலவை எழுந்தது. ஆடவில்லையே, அசையவில்லையே என்று ஒரு கிழவர் சந்தேகப்பட்டார். சாந்தமாக வந்திருக்கிறாள், அப்படி வருகிறவள்தான் பெரிய ஆத்தா என்று பெண்கள் அவர் வாயை அடைத்தார்கள். மைக்கைப் பிடித்திருந்தவன் அதை ஊருக்கெல்லாம் அறிவித்தான். வேப்பிலையைக் கட்டி அவள் கழுத்தில் போட்டார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். அவள் கண்ணைத் திறக்கவில்லை. கடைசியில் மணி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கை மெதுவாக மேலே போனது. பெண்கள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். "இது சாமி இல்லைங்க. மணி அடிச்சா இப்படி நிக்கணும்னு டீச்சர் பழக்கியிருக்காக."

அவளுடைய தாய்மாமன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளை வேட்டி, ஊரில் வசதியான ஆள். "நாங்களும்தான் அந்த மணியக் கேட்டோம். எங்களுக்கு வரலையே? யாருப்பா நீ? சோத்துக்குத்தான் வந்தேன்னா பந்தி அந்தப் பக்கம்."

சிரித்தார்கள். சோற்றுக்குத்தான் வந்திருந்தேன் என்பதால் தண்ணீர் டிரம் பக்கம் ஒதுங்கினேன்.

அதற்குள் பூசாரி அவள் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். காப்பு. அந்த ஊரில் காப்புக் கட்டியவர்கள், முளைப்பாரி கரைக்கிற நாள் வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது. மற்றவர்கள் போய்வரலாம். எல்லை என்பது பாலத்து முனையில் மஞ்சள் பூசி நட்ட கல். பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம், கம்பத்தில். மறுநாள் காலையில் முழுப் பரீட்சை.

ஜீப் வந்து நின்றது. பெண்கள் கூடையும் தூக்குவாளியுமாக இறங்கினார்கள். அவள் அம்மா தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்தவள், மகளைப் பார்த்ததும் நின்றாள்.

"என்னடி இது?"

"காப்பும்மா. இது வேப்பிலை. கசக்குமான்னு தின்னு பாத்தேன். கசக்குது."

அண்ணன்காரர் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா முழுசாகக் கேட்டாள். மகளை ஒரு தடவையும் மணியை ஒரு தடவையும் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"நாளைக்குப் பரீச்சை அண்ணே."

"பரீச்சை வருசா வருசம் வரும்."

"இவளுக்கு வராது. நாளைக்குப் போகலைன்னா டிசிதான்."

"ஆத்தாவே வந்து உக்காந்துட்டா, இனிமே பள்ளிக்கூடம் எதுக்கு? படிச்சு என்ன ஆகப்போகுது? நாலு பேரு வந்து குறி கேட்டா நல்ல பேரோட வீட்டுலயே இருப்பா."

அந்த அம்மா தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் முகம் கழுவ வந்தாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன். ஏலக்காய் வாசம் அடித்தது.

"அண்ணே, ஒத்த மணி அடிச்சா, சத்தம் அடங்கினதும் கையத் தூக்குவாள்ல?"

"தூக்குவா. ஆனா நடுவுல கண்ணு வேற பக்கம் போயிருச்சுன்னா ஓடிருவா. குடோன்லயே பாதி நாளுதான் முழுசா நின்னிருக்கா."

"பாதி போதும்ணே" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

பூசாரியிடம் நேராகப் போனாள். மற்ற நாட்களில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் அவர், நிதானமான ஆள். "சாமி, கட்டினது நீங்க, வந்தது ஆத்தா. எல்லை தாண்டலாமா கூடாதான்னு அவகிட்டயே கேட்டுப்புடுவோம்."

"கேளு. கேக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

"மணிய ஒரே தடவ அடிங்க. உறுமி வேண்டாம்."

"அதென்ன ஒரு தடவ?" என்றார் அண்ணன்.

"எத்தன தடவ அடிச்சா அண்ணே ஆத்தாவுக்குக் காது கேக்கும்?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

மகளைப் பலூன்காரரிடமிருந்து பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த அம்மா அவளுக்கு எதிரே முட்டி போட்டாள். ஏலத்தோட்டத்து மண் சேலையில் அப்படியே இருந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "ஆத்தா, எம் பிள்ள நாளையிலருந்து எல்லை தாண்டிப் போயி பரீச்சை எழுதட்டுமா? உனக்குச் சம்மதம்னா கையத் தூக்கு."

பூசாரி கயிற்றை ஒரு தடவை இழுத்து விட்டார்.

கண்ணை மூடினாள். வயிற்றில் கை வைத்தாள். மைக் செட்டை நிறுத்தியிருந்தார்கள். கோயில் மணி பெரியது, சத்தம் நீண்டுகொண்டே போனது. பாதியில் ஒரு பலூன் வெடித்தது. அவள் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு கண் திறந்தது. கால் பெருவிரல் மண்ணைக் கிண்ட ஆரம்பித்தது. அவ்வளவுதான், போய்விட்டாள் என்று நினைத்தேன். அவள் அம்மா அசையாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண் மறுபடி மூடியது. தலை திரும்ப நேரே வந்தது. வயிற்றில் இருந்த கை ஒரு தடவை ஏறி இறங்கியது.

எனக்குச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது. கூட்டத்தில் எல்லாருக்கும் நின்றிருக்கும். அவளுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்புறம் கையைத் தூக்கினாள்.

குலவைச் சத்தத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டு பலூன்காரரிடம் ஓடினாள். அவள் அம்மா மகள் நின்ற இடத்து மண்ணில் நெற்றியை வைத்து அழுதாள். அது வேண்டுதலா, தப்பித்த அழுகையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

பூசாரிதான் முறை சொன்னார். நடந்தேதான் போக வேண்டும், வண்டியில் ஏறக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. விளக்கு வைக்குமுன் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். கூடவே காப்புக் கட்டிய ஒரு ஆள் போய், இருந்து, கூட்டிக்கொண்டு வர வேண்டும்; ஆத்தா கொடுத்த உத்தரவு அவருக்கும் சேர்த்துத்தான். காப்புக் கட்டிய ஆம்பிளைகளுக்கெல்லாம் கோயில் வேலை இருந்தது. அம்மாவுக்கு ஜீப். பூசாரி சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

"நீதானப்பா சும்மா நிக்கிற."

"நான் தேனிக்குப் போற ஆளு சாமி."

"தேனி எங்கயும் போயிராது. முளைப்பாரி முடிஞ்சு போ."

"வேற ஆளில்லண்ணே" என்றாள் அந்த அம்மா. "ரெண்டு வேளை சோறு போடுறேன். படுக்கக் கோயில் இருக்கு."

யோசித்து ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. கையை நீட்டியிருந்தேன். அவர் கட்டினார். பீடி கூடாது, கவுச்சி கூடாது, ஊரை விட்டுப் போய்ப் படுக்கக் கூடாது என்று கட்டும்போதே சொல்லிக்கொண்டிருந்தார். என் ரெக்ஸின் பையைக் கோயில் ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் இருட்டோடு ஜீப் போய்விட்டது. வெயில் ஏறுவதற்கு முன்னால் நானும் அவளும் கிளம்பினோம். தனியாக இருந்தால் எனக்குச் சீக்கிரம் போய்ச் சேரத் தெரியும். அவளோடு நடந்தால் தூரம் கூடிவிடுகிறது. பரீட்சை அட்டையைத் தலையில் வைத்துப் பார்த்தாள், பாலத்துச் சுவரில் தட்டிப் பார்த்தாள், ஆற்றில் எருமை நிற்பதைப் பார்க்க நின்றாள். நான் திட்டவில்லை. கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தேன். எல்லைக்கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "ஆத்தாவுக்குக் கணக்குத் தெரியுமா மாமா?" என்று கேட்டாள். பதினாறாம் வாய்ப்பாடு தெரியுமா என்று தெரியாது என்றேன்.

பள்ளிக்கூட வாசலில் பெரிய டீச்சர் நின்றிருந்தார். மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். "செருப்பு எங்க?"

"ஆத்தா வேண்டாம்னுட்டா டீச்சர்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் வெறுங்காலோடு நின்றேன். அவளை ஜன்னல் ஓரப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

உள்ளே போனவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "மாமா, நீ எங்கன இருப்ப?"

"இங்கனதான்."

"இங்கனன்னா எங்கன?"

மைதானத்தில் புங்கமரத்தடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் திண்டைக் காட்டினேன்.

"எந்திரிச்சுப் போயிராத. நீ ஓடினா நான் வந்து கூட்டிட்டு வரணும்."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. வருவாள் என்று எனக்குத் தெரியும். அவள் அந்த பெஞ்சை விட்டு எழுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அந்த வருஷம் அவள் அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் போனாள் என்று இப்போது எழுத முடிகிறது. அன்றைக்குக் காலையில் யாருக்கும் எதுவும் தெரியாது.

போய்த் திண்டில் உட்கார்ந்தேன். வாட்ச்மேன் தண்டவாளத் துண்டை அடித்தார். பிள்ளைகள் எல்லாம் தாளைத் திருப்பி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னலில் ஒரு தலை மட்டும் குனியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அங்கே ஒரு கை உயர்ந்தது, மஞ்சள் கயிற்றோடு. மேற்பார்வை டீச்சர் அவசரமாக வந்து என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை போலிருக்கிறது. கை இறங்கியது. தலை குனிந்தது.

பஸ் நிலையத்துப் பக்கமிருந்து "தேனி, தேனி" என்று கண்டக்டர் கூப்பிடுவது கேட்டது. கால் தானாக ஆட ஆரம்பித்தது. பிடித்துக்கொண்டேன். ஜன்னலில் தலை நிமிர்ந்து, திண்டைப் பார்த்து, மறுபடி குனிந்தது.

ரொம்ப நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்து, அடுத்த மணி எப்போது என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"இப்பத்தானய்யா அடிச்சேன்" என்றார்.